பழைய டிராக்டர் வாங்கும் முன்: சொந்த உழவுக்கும் வாடகை ஓட்டத்துக்கும் சேர்த்துத் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த வயலுக்கும் ஆக வேண்டும், மீதி நாளில் வாடகைக்கும் ஓட வேண்டும், புது வண்டிக்குக் காசு போட மனமில்லை. இப்படி வருகிறவர்களின் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று சேர்த்தது இது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை; மேலே பார்க்கச் சொல்லியிருப்பேன். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சொந்த நிலத்துக்கும் வாடகைக்கும் ஒரே வண்டி போதுமா, இல்ல ரெண்டுக்கும் வேற வேற மாதிரி பார்க்கணுமா?

ஒரே வண்டி போதும். ஆனால் பார்க்கும்போது வாடகை வேலையை மனத்தில் வைத்துப் பாருங்கள். சொந்த வயலில் வண்டி நின்றுபோனால் இரண்டு நாள் தள்ளி உழுதுகொள்ளலாம். வாடகைக்குப் போன இடத்தில் நின்றால், ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டுமே என்று அந்த வயல்காரர் மாலைக்குள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். அடுத்த பருவத்திலும் அந்த வண்டியைத்தான் கூப்பிடுவார்.

அதனால் இங்கே என் பதில்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பெயின்ட், வருடம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால், நின்றால் எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஓட வைக்கலாம் என்றுதான் பார்ப்பேன்.

எத்தனை ஹெச்.பி. எடுக்கணும்?

எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அதிகக் கூலி தரப்போகும் கருவி எது, அதில் கனமானது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதை இழுக்கவோ சுற்றவோ தேவையான சக்திதான் உங்கள் ஹெச்.பி. பொதுவாக, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் 5 அடி அகலம் என்றால் 35 முதல் 40 ஹெச்.பி., 6 அடிக்கு 45 முதல் 50, 7 அடிக்கு 55க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இறுகிய களிமண் என்றால் மேல் எல்லையை எடுங்கள். மணல் கலந்த மண்ணில் கீழ் எல்லையே போதும்.

வாடகையில் அகலம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.8 மீட்டர் ரோட்டாவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, திரும்பும் நேரம், ஓவர்லேப் எல்லாம் போக 80 சதவீதம் பயன் என்றால், மணிக்கு ஏறத்தாழ 0.43 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் முடியும். அதே வேகத்தில் 1.5 மீட்டர் கருவி 0.36 ஹெக்டேர்தான் முடிக்கும். பத்து மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் ஏக்கர் வித்தியாசம். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம், மணிக் கணக்கில் வாங்குகிறவருக்கு அவ்வளவு இல்லை. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தேவைக்கு மேல் பெரிதாக எடுத்தாலும் நஷ்டம்தான். சின்ன வரப்புக்குள் திரும்பாது, கனத்தில் மண் இறுகும், பாதிச் சுமையில் ஓடும்போதும் பெரிய இன்ஜின் தன் பங்கு டீசலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

50 ஹெச்.பி.ன்னு எழுதியிருக்கு, ஆனா பி.டி.ஓ.ல 42, 43தான் வருதாமே. ஏமாத்துறாங்களா?

இல்லை. எழுதியிருப்பது இன்ஜின் சக்தி. கியர்களைக் கடந்து, பின்னால் கருவியைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. தண்டுக்கு வரும்போது ஏறத்தாழ 85 சதவீதம் மிஞ்சும். கொக்கியில் இழுக்கும்போது சக்கரம் வழுக்குவதில் இன்னும் போகும். ரோட்டாவேட்டர், வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பேலர் மாதிரி சுற்றும் கருவிகளை மாட்டப் போகிறவர்கள் பி.டி.ஓ. எண்ணைத்தான் கேட்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்னது இன்ஜின் ஹெச்.பி.

விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதும் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி வேலை செய்யாத வண்டிகளால் விவசாயிகள் ஏமாந்ததை ஒட்டி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1920 முதல் அங்கே டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறார்கள். 1959இல், பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் முன்னோடி அமைப்பு பொதுவான சோதனை முறை வகுத்தது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள அரசு நிலையம் சோதிக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு இப்படி ஓர் அறிக்கை இருந்தால் பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன் மூன்றையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

டூ வீல் போதுமா, ஃபோர் வீல் வேணுமா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. டூ வீலில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், ஃபோர் வீலில் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ரோட்டாவேட்டர் இழுவை வேலையே இல்லை. கத்திகள் மண்ணைப் பின்னால் தள்ளும்போது வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளவே செய்யும். அதற்கு டூ வீல் தாராளம். கலப்பை, சேற்று உழவு, மேட்டில் லோடு, முன்னால் லோடர் என்றால் ஃபோர் வீலின் அருமை தெரியும். பி.டி.ஓ. சக்தியில் கொக்கிக்கு வந்து சேர்வது, மென்மையான மண்ணில் டூ வீலுக்குச் சுமார் 55 சதவீதம், ஃபோர் வீலுக்குச் சுமார் 65 சதவீதம். கெட்டியான நிலத்தில் இந்த இடைவெளி பாதியாகக் குறைந்துவிடும்.

பழைய வண்டியில் ஃபோர் வீல் என்றால் கசியவும் தேயவும் இன்னொரு அச்சு கூடுதலாக வருகிறது என்று அர்த்தம். முன் ஹப் சீல், ஜாயின்ட், முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் மூன்றையும் பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். தார் ரோட்டில் எப்போதும் ஃபோர் வீலைப் போட்டே ஓட்டிய வண்டி என்றால் முன் டயர் காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டர்ல 3000 மணிதான் காட்டுது. நம்பலாமா?

நம்புவதற்கு முன் அது எந்த வகை மீட்டர் என்று பாருங்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடும்போதுதான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். அதில் பாதி வேகத்தில் ஓடினால் அரை மணிதான் ஏறும். கேபிள் அறுந்து நாலு வருடம் கிடந்த வண்டிகளும் உண்டு. எலக்ட்ரானிக் மீட்டர் உண்மை நேரத்தைக் காட்டும், ஆனால் பேனலையே மாற்றிவிட்டால் அதிலும் பயனில்லை.

மீட்டரை விட, கை கால் படும் இடங்களும் கருவி மாட்டும் இடங்களும் நேர்மையானவை. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு மினுங்குகிறதா? பின்னால் கருவியைத் தாங்கும் லோயர் லிங்க் கைகளின் உருண்டைகள் லொடலொடவென்று ஆடுகின்றனவா? டிரெய்லர் கொக்கியின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டதா? ஸ்டீரிங் வீலின் பிடி வழவழத்திருக்கிறதா? இதெல்லாம் இருந்து மீட்டர் 3000 காட்டினால், மீட்டரை விட்டுவிட்டுப் பெடலை நம்புங்கள். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அப்போ எத்தனை மணி ஓடின வண்டி வரைக்கும் வாங்கலாம்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் செலவு எப்படி ஏறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.ஏ.பி.இ. வைத்திருக்கும் சூத்திரப்படி, டூ வீல் டிராக்டரின் பழுதுச் செலவு, ஓடிய மணியின் வர்க்கத்தைப் போல ஏறும். அதே வண்டியின் புது விலையை 100 என்று வைத்தால், 3000 மணி வரை ஆகும் மொத்தப் பழுதுச் செலவு 6 அளவில்தான் இருக்கும். 6000 மணியில் 25, 9000த்தில் 57, 12,000த்தில் 100.

இதை வாங்குபவர் கண்ணால் பாருங்கள். 3000 மணியில் வாங்கி 6000 வரை ஓட்டினால் உங்கள் தலையில் விழுவது சுமார் 19. 6000த்தில் வாங்கி 9000 வரை ஓட்டினால் சுமார் 32. இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசம் இந்த 13ஐ விட அதிகமாக இருந்தால், கூடுதல் மணி ஓடிய வண்டியே லாபமாக இருக்கலாம். ஆனால் இதில் வண்டி நிற்கும் நாட்களின் நஷ்டம் சேரவில்லை. வருடத்துக்கு 300 மணி ஓட்டுபவர் அதைத் தாங்கிக்கொள்வார். 1000 மணி ஓட்டுபவருக்குப் பருவத்தில் ஒரு வாரம் போனாலே அந்த லாபம் காணாமல் போய்விடும். இதெல்லாம் சராசரிதான், உங்கள் வண்டி அதற்குக் கட்டுப்பட்டது இல்லை.

பார்க்கப் போனா முதல்ல எதைத் தொடணும்?

இன்ஜினைத் தொடுங்கள், கையால். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில்தான் கம்ப்ரஷன், பேட்டரி, டீசல் தெளிக்கும் நாசில் எல்லாவற்றின் குறையும் வெளியே வரும். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முன்னாடியே போனில் சொல்லிவிடுங்கள். சூடாக இருந்தால் சண்டை வேண்டாம், டீ குடித்துவிட்டு ஆறும் வரை மற்றதைப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன், ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவுங்கள்; விரலில் தூசி வந்தால் அந்த இன்ஜின் மண்ணைத் தின்று வளர்ந்தது, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. ஸ்டார்ட் ஆன பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளி எண்ணெய் தெறித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

புகை வந்தா வேண்டாம்னு திரும்பி வந்துடலாமா?

நிறத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். சுமை ஏறும் கணத்தில் கறுப்புப் புகை ஒரு வீச்சு வருவது பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பில் சாதாரணம். விடாமல் கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டர், நாசில், அல்லது கூடுதல் சக்திக்காகப் பம்பைத் திருகி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக இருந்தால் இன்ஜின் கூடுதல் சூட்டில் ஓடிய வண்டி அது. நீலப் புகை எண்ணெய் எரிவது, அதுதான் செலவு. குளிரில் வெள்ளைப் புகை வந்து இரண்டு நிமிடத்தில் நின்றால் கவலையில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

"இன்ஜின் வேலை இப்பதான் செஞ்சது"ங்கிறாங்க. நல்லதுதானே?

விற்பதற்காகச் செய்த வேலையா, ஓட்டுவதற்காகச் செய்த வேலையா என்பதுதான் கேள்வி. ரிங் மட்டும் மாற்றிப் புகையை நிறுத்தினாலும் அதற்கும் இன்ஜின் வேலை என்றுதான் பெயர். லைனர், பிஸ்டன் மாற்றினார்களா, கிராங்கைக் கடைந்து அண்டர் சைஸ் பேரிங் போட்டார்களா, ஹெட்டைப் பார்த்தார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள், பில்லையும் கேளுங்கள்.

வேலை செய்த பிறகு 200, 300 மணி வயலில் ஓடிவிட்ட வண்டி என்றால் எனக்குத் திருப்தி. நேற்று முடித்துப் பெயின்ட் அடித்து நிறுத்தியது என்றால், அந்த வேலை சரியா என்று சோதிக்கப் போகிறவர் நீங்கள்தான், உங்கள் செலவில். எப்படியானாலும் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். குளிரில் எல்லா இன்ஜினும் நல்ல பிரஷர் காட்டும்.

கிளட்ச், கியர் சரியா இருக்கான்னு ஓட்டிப் பார்த்தா தெரியுமா?

வெறும் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டினால் தெரியாது. சமதளத்தில், முன்னால் யாரும் நிற்காதபோது, பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு, நடு த்ராட்டிலில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து நல்ல கிளட்சையும் எரிக்காதீர்கள். தட்டு விலை பெரிதில்லை. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான் செலவு.

கியருக்கு: ஒவ்வொரு கியரிலும் சுமையோடு போய்ச் சட்டென்று த்ராட்டிலை விடுங்கள். தேய்ந்த கியர் அப்போதுதான் வெளியே குதிக்கும். வாடகை வண்டிகளில் அதிகம் அடிபடுவது ரோட்டாவேட்டர் ஓட்டும் ஒன்றிரண்டு கியர்களும் ரிவர்ஸும்தான். மற்றதை விட அவற்றை நிதானமாகப் பாருங்கள்.

டுயல் கிளட்ச் போதுமா? தனி பி.டி.ஓ. வேணும்னு ஒருத்தர் சொல்றார்.

சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். டுயலில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. சுற்றும், முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். தனி பி.டி.ஓ.வில் அதற்கென்று தனி லிவர். வண்டி ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரோட்டாவேட்டருக்கு டுயல் போதும். பேலர் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வைக்கோல் வரிசை திடீரென்று தடிக்கும்போது வண்டியை நிறுத்தி, பேலரை விடாமல் ஓடவிட வேண்டும். இப்படி ஒரு நாளில் நூறு தடவை பாதிக் கிளட்சில் நின்றால் கால் வலிக்கும், கிளட்சும் போகும்.

லிஃப்ட் நல்லா தூக்குது. அதுல வேற என்ன பார்க்கணும்?

ஹைட்ராலிக் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது எல்லா லிஃப்டும் கருவியைத் தூக்கும். அரை மணி நேரம் வேலை வாங்கி எண்ணெய் சூடான பிறகு, உங்களிடம் இருப்பதிலேயே கனமான கருவியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கால் மணி நேரத்தில் சில சென்டிமீட்டர் இறங்கினால் பழைய வண்டிக்கு மன்னிக்கலாம். அதற்குள் தரைக்கே வந்துவிட்டால் சீல் அல்லது வால்வு வேலை. இன்ஜின் ஓடும்போது கருவி சில நொடிக்கு ஒரு தடவை தலையாட்டினாலும் அதே நோய்தான்.

தூக்கும் திறன் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. லிங்கின் நுனியில் அளந்த எண் பெரிதாக இருக்கும். நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தது சிறிதாக இருக்கும். ரோட்டாவேட்டரின் கனம் பின்னால்தான் இருக்கிறது, அதனால் இரண்டாவது எண்ணையே கேளுங்கள். கருவியைத் தூக்கும்போது முன் அச்சில் வண்டி எடையில் 20 சதவீதமாவது நிற்க வேண்டும் என்பது பரவலான விதி. இல்லாவிட்டால் ஸ்டீரிங் திரும்பினாலும் வண்டி திரும்பாது. முன் வெயிட் போட இடமிருக்கிறதா என்று பாருங்கள். டிப்பர் டிரெய்லர் ஓட்டுபவர்கள் வெளி ஹைட்ராலிக் கனெக்ஷன் வேலை செய்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.

டயர் நாலும் புதுசு. அதுக்காகக் கூடக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் படித்த பிறகு. 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தும் ரப்பர் வெடித்த டயர் கிடங்கில் கிழடானது. ரிம்மையும் பாருங்கள்: டயருக்குள் தண்ணீரோ கால்சியம் குளோரைடோ நிரப்பி ஓட்டிய வண்டியில் வால்வைச் சுற்றித் துரு தின்றிருக்கும்.

ஃபோர் வீல் என்றால் முன் டயர் அளவு கம்பெனி சொன்னதுதானா என்று கட்டாயம் பாருங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தை விட 1 முதல் 5 சதவீதம் முந்தி ஓடும்படி கியர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கிடைத்த அளவு டயரை மாட்டிவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சண்டை போடும்.

சேத்து உழவு ஓடின வண்டியா, லோடர் மாட்டின வண்டியா, எது மோசம்?

இரண்டும் வேறு வேறு இடத்தில் வண்டியைத் தின்னும். சேற்று வண்டியில் பின் அச்சு சீல், பிரேக், முன் ஹப் பேரிங் மூன்றிலும் சேறு புகுந்திருக்கும். ஹப்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பிரேக் பெடல் இரண்டையும் தனித்தனியாக மிதித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று பாருங்கள். சேற்றுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டியே ஓட்டிய வண்டி என்றால் ஹப் போல்ட்டுகளையும் விடாதீர்கள்.

லோடர் வண்டியில் முன் அச்சின் நடு பின், கிங் பின், ஸ்டீரிங், கிளட்ச் நான்கும் அடிவாங்கியிருக்கும். முன்னாலும் பின்னாலும் ஆயிரம் தடவை போய் வந்த வண்டி அது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்போ விரிசலோ தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், பேரமே பேச வேண்டாம். லோடர் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு விற்பார்கள். அந்த போல்ட் ஓட்டைகள் இருக்கும்.

எனக்குக் கேட்டால் டிரெய்லர் மட்டும் இழுத்த வண்டியை இந்த இரண்டுக்கும் மேல் வைப்பேன். அதன் பிரேக்கை மட்டும் சந்தேகப்பட வேண்டும்.

பழைய பம்ப் வண்டி எடுக்கறதா, எலக்ட்ரானிக் வண்டி எடுக்கறதா?

முதல் கேள்விக்குச் சொன்னதுதான் இங்கேயும். எலக்ட்ரானிக் வண்டியில் இருக்கும் காமன் ரயில் இன்ஜின் டீசலைக் கட்டுப்பாடாகத் தெளிக்கும், புகை குறைவு, இழுவை நன்றாக இருக்கும். ஆனால் 1000 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்டர். கேனில் வாங்கிய டீசலில் தண்ணீரோ தூசியோ இருந்தால் அது தாங்காது. சென்சார் பழுது என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவர் வர வேண்டும். அவர் உங்கள் வயலுக்கு அரை நாளில் வந்து சேர்வார் என்றால் எடுங்கள். இல்லை என்றால் மெக்கானிக்கல் பம்ப் வண்டிதான் வாடகைக்கு நிம்மதி.

எலக்ட்ரானிக் வண்டியில் சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், குறை இல்லை என்று நினைக்காதீர்கள், விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

என்கிட்ட ஏற்கெனவே இருக்கிற கருவிகள் மாட்டுமா?

லிங்க் பின் அளவைப் பாருங்கள். கேட்டகரி 1 என்றால் டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர், லோயர் 22. கேட்டகரி 2 என்றால் 25, 28. புஷ் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் பெரிய கருவியைச் சின்ன லிங்கில் தொங்கவிடாதீர்கள். பி.டி.ஓ. தண்டில் 6 பல் இருந்தால் 540 ஆர்.பி.எம்.; 21 பல் 1000க்கு. பவர் ஷாஃப்ட் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும்: நீளமாக இருந்தால் தூக்கும்போது முட்டி பேரிங்கை உடைக்கும், குட்டையாக இருந்தால் கழன்றுவிடும்.

பி.டி.ஓ. மூடி, ரோல் பார் எல்லாம் கழட்டியிருக்கு. பெரிய விஷயமா?

ஆமாம். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனி மாட்டினால் கையை எடுக்க நேரமிருக்காது. வாடகை ஓட்டத்தில் வயல்காரர், அவர் பிள்ளைகள் என்று யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். சொந்த வயலைவிட அங்கே ஆபத்து கூடுதல். ரோல் பார் என்பது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம்; அதைப் புது டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959லேயே கட்டாயமாக்கியது. அதைத் திரும்ப மாட்டும் செலவை விலையில் கழியுங்கள். கம்பெனி சட்டகத்துக்குப் பதில் லேத்தில் பைப்பை வளைத்துச் செய்தது என்றால் அது பந்தலுக்குத்தான் ஆகும். சட்டகம் இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும்.

பேப்பர்ல என்ன பார்க்கணும்?

சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் துடைத்துப் பார்த்துப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். தகட்டில் இருப்பது மட்டும் போதாது, இரும்பில் குத்தியதையும் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் முடித்து எழுத்தில் வாங்கிய பிறகே பணம். விவசாயப் பயனுக்கு என்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவதற்கும், டிரெய்லருக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும். விபத்து நடந்தால் காப்பீடு அந்த இடத்தில்தான் கைவிடும் என்பதால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நல்ல வண்டி, பாதி விலை. ஆனா அந்த மாடல் இப்ப வர்றதில்ல. எடுக்கலாமா?

சொந்த வேலைக்கு மட்டும் என்றால் எடுங்கள். வாடகைக்கு என்றால், வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட், வாட்டர் பம்ப், முன் ஹப் சீல், ஸ்டார்ட்டர் இந்த ஐந்தும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று பாகம் விற்பவரிடம் கேளுங்கள். எல்லாம் இரண்டு நாளுக்குள் என்றால் மாடல் நின்றுபோனது பிரச்சினையே இல்லை. பல பழைய மாடல்களின் பாகங்கள் வேறு பெயரில் ஓடும் வண்டிகளிலும் இருக்கும். "சொல்லி வைக்கணும்" என்று ஒன்றுக்காவது பதில் வந்தால், பாதி விலையில் மிச்சம் பிடித்த மீதிப் பாதியைப் பருவத்தில் கொடுப்பீர்கள்.

ஒரு பெரிய வண்டியா, அதே காசுக்கு ரெண்டு சின்ன பழைய வண்டியா?

நம்பகமான ஓட்டுநர் இன்னொருவர் இருந்தால் இரண்டு வண்டி. ஒன்று நின்றால் மற்றது ஓடும்; ஒன்று ரோட்டாவேட்டரிலும் மற்றது டிரெய்லரிலும் இருந்தால் கருவி மாற்றும் நேரமும் மிச்சம். ஒரே மாடலாக எடுத்தால் பாகங்களையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பேலர், 7 அடி ரோட்டாவேட்டர் மாதிரி வேலைகளை இரண்டு சின்ன வண்டி சேர்ந்தாலும் செய்ய முடியாது. தனி ஆளாக ஓட்டுகிறவருக்கு இரண்டாவது வண்டி நிழலில்தான் நிற்கும்.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா போதும்தானே?

கூட்டிப் போங்கள். ஆனால் அவருக்கும் வேலையில் ஓடும் வண்டியைக் காட்டினால்தான் தெரியும். உங்கள் ரோட்டாவேட்டரையே கொண்டுபோய், ஒரு மணி நேரம் முழு ஆழத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று கேளுங்கள், டீசல் உங்களுடையது. மேலே சொன்ன லிஃப்ட், ஆயில் பிரஷர், இன்ஜின் சூடாவது, கியர் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். டேங்கை நிரப்பிவிட்டு ஓட்டி, மறுபடி நிரப்பினால் டீசல் செலவும் கையில். முழுச் சுமையில் ஒரு கிலோவாட் மணிக்கு 0.3 லிட்டர் என்பது தோராய அளவு. 30 கிலோவாட், அதாவது 40 ஹெச்.பி. பி.டி.ஓ.வில் எடுத்தால் மணிக்கு 9 லிட்டர் சுற்றி வரும். அதற்கு ரொம்ப மேலே போனால் பம்ப், நாசில் வேலை காத்திருக்கிறது. வயலில் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் நான் விலை கேட்பதே இல்லை.

வாங்கியாச்சு. நாளைக்கே வாடகைக்கு அனுப்பலாமா?

நாலு நாள் பொறுங்கள். இன்ஜின், கியர், ஹைட்ராலிக் எண்ணெய் எல்லாவற்றையும் ஃபில்டர்களோடு மாற்றிவிடுங்கள்; விற்றவர் போன வாரம்தான் மாற்றினேன் என்றாலும் சரி. வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள்: மினுமினுவென்று பொடி இருந்தால் பேரிங் தேய்வு, பெரிய சில்லுகள் இருந்தால் கியர் பல். ரேடியேட்டர் இடுக்கை உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பெல்ட்டையும் ஹோஸ்களையும் மாற்றுங்கள், எல்லா நிப்பிளிலும் கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரை ஓட வைத்து அன்றைய எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் 50 மணி நேர வேலையை வீட்டுக்குப் பக்கத்து வயல்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேலர், இரவு ஓட்டம், தூரத்து லோடு எல்லாம் அதற்கு அப்புறம்.